இன்பராணியின் பன்னிரண்டு

"உங்க கம்ப்யூட்டருக்கும் கணக்கு வரலைம்மா" என்றார் அருளப்பன்.

அவர் இருபத்தாறு வருடமாகக் கணக்கு வாத்தியார். 'சி' என்ற கணினி மொழி படிக்க வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சொல்லிக்கொடுக்கும் நஸ்ரினுக்கு வயதே இருபத்து நான்கு.

"என்ன சார் ஆச்சு?"

"பதினொண்ணாம் வகுப்புல இன்பராணின்னு ஒரு பொண்ணு. கண் தெரியாது. காதால கேட்டே படிக்கிறவ. கெட்டிக்காரி. இருபடிச் சமன்பாட்டுல மட்டும் கோட்டை விடறா. விடை மூணு வரணும், அவ பன்னிரண்டுங்கிறா. சொன்னா நம்பலை. சரி, மெஷின் சொன்னா நம்புவான்னு நானே புரோகிராம் எழுதி அவ முன்னாடி ஓட்டி, வந்த விடையைச் சத்தமாப் படிச்சேன்."

"என்ன வந்துது?"

"பன்னிரண்டு."

நஸ்ரின் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதம்மா. அவ தப்பையே மெஷினை விட்டுச் சொல்ல வச்சு நான் கேலி பண்றேன்னு நினைச்சுட்டா. கணக்கே வேணாம், நாளைக்கு குரூப் மாத்திக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

சிரிப்பு நின்றது.

"எக்ஸ் ஸ்கொயருக்கு முன்னாடி வர்ற ஏ ஒண்ணா இருக்கிற கணக்கெல்லாம் சரியா வந்துதா சார்?"

"அதெல்லாம் வந்துது. இதுல ஏ ரெண்டு."

நஸ்ரின் எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டியபடி பலகையின் முன் நின்றாள்.

"சூத்திரத்தைச் சொல்லுங்க. சொல்றதை மட்டும் போடறேன். மேல்பாதி பன்னிரண்டு. அப்புறம்?"

"பை டூ ஏ."

பன்னிரண்டை இரண்டால் வகுத்தாள். ஆறு. அதை ஏ-யால், அதாவது இரண்டால், பெருக்கினாள். பன்னிரண்டு.

"அட, டூ ஏ முழுசும் கோட்டுக்குக் கீழம்மா! அதான் காட்டறேன்ல!"

"எங்கே சார் காட்டறீங்க?"

அவள் திரும்பவில்லை.

காற்றில் நீளமாய்க் கோடு இழுத்துக் கீழே சுட்டிக்கொண்டிருந்த அவர் விரல் அப்படியே நின்றது. இத்தனை வருடமும் வகுப்பில் அந்த விரலைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எழுதினார்கள்.

வாத்தியார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். புரோகிராமில் டூ ஏ-வைச் சுற்றி அடைப்புக்குறி போட்டார். ஓட்டினார்.

மூன்று.

"நீ நல்லா இருக்கணும்மா" என்று, தன் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு போனை எடுத்தார்.

"இன்பராணி, வாத்தியார் பேசறேன். வைச்சுடாதம்மா. நான் சொன்ன கணக்குக்கு நீ போட்டதுதான் சரி."