ஜமீன்தாரின் பட்டுச் சால்வை

கூம்பாறை ஜமீன்தாருக்குப் பொன்மொழி என்றால் உயிர். அதைவிட, யார் என்ன சொன்னாலும் "தப்பு!" என்று வெட்டிவிடுவதில் உயிர். மனித சுபாவத்தைப் பற்றித் தன்னால் மறுக்க முடியாத ஒரு பொன்மொழி சொன்னால், தன் தோளில் கிடக்கும் பட்டுச் சால்வையையே தருவதாகப் பறை அறைவித்திருந்தார். தோற்றவர் தம் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். வந்த புலவர்களெல்லாம் வெறுந்தோளோடுதான் திரும்பினார்கள். அந்தச் சால்வைகளை வாங்கி மடித்து வைப்பது வேலைக்காரன் சடையாண்டி.

ஒருநாள் ஒரு புலவர் வாயைத் திறந்ததுமே தோற்றுப்போக, சடையாண்டி களுக்கென்று சிரித்துவிட்டான்.

"என்னடா இளிப்பு?" என்று சீறினார் ஜமீன்தார். "எங்கே, நீ ஒண்ணு சொல்லு பார்ப்போம். தோத்தா உன் வேலை போச்சு!"

சடையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். "எசமான், எல்லாம் தெரிஞ்சவங்க இருக்காங்களே, அவங்க அடுத்தவன் பேசி முடிக்கிறதுக்குள்ளேயே..."

"தப்பு!" என்றார் ஜமீன்தார்.

"...தப்புன்னு சொல்லிடுவாங்க. அவ்வளவுதான் எசமான்."

சபை கொல்லென்று சிரித்தது. மறுபடியும் "தப்பு" என்று சொல்லத் திறந்த வாயை ஜமீன்தார் அப்படியே மூடிக்கொண்டார்.

சடையாண்டி வழக்கம்போல, சால்வையை வாங்கி மடிக்க ஜமீன்தார் பக்கம் கையை நீட்டினான்.