ஈரத் தரை, கவனிக்கவும்

அந்த ஆஸ்பத்திரியில் மூளையை யாரும் வீணாகச் செலவழித்ததில்லை. அதிலும் இரண்டாம் வார்டு ஊழியர் சூசைமாணிக்கத்திடம் அது கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அன்று காலை பெரிய டாக்டர் அவரைக் கூப்பிட்டு எரிந்து விழுந்தார். "ஒரே வாரத்துல மூணு பேர் வழுக்கி விழுந்திருக்காங்க. மதியம் பாதுகாப்பு அதிகாரி வர்றார். இன்னும் ஒருத்தர் விழுந்தாலும் உன்னைப் பிணவறைக்கு மாத்திடுவேன். இந்தா போர்டு. துடைச்ச இடத்துல வச்சு, அதுல போட்டிருக்கிறபடி நடந்துக்க."

சூசைமாணிக்கம் போர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். பல்லி செத்துக் கிடந்தாலே சுற்றிக்கொண்டு போகிற ஆள் அவர்.

கூட வேலை பார்க்கும் எஸ்தரம்மாவும் பிச்சுமணியும் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். 'ஈரத் தரை. கவனிக்கவும்.'

சரியென்று மூவரும் வராந்தாவைத் துடைத்து, போர்டை வைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் தரையைக் கவனித்தார்கள். அரை மணியில் அது காய ஆரம்பித்தது.

"அண்ணே, காயுதே! போர்டு பொய்யாயிடுமே!" என்று பதறினார் பிச்சுமணி.

"ஆபீசர் வர்ற நாள்லயா?" எஸ்தரம்மா ஓடிப்போய் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். உண்மை கொஞ்சம் பலமாகவே இருக்கட்டும் என்று பிச்சுமணி சோப்புத்தூளும் தூவினார்.

மாத்திரை வாங்க வந்த ஒருவர் கால் சறுக்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். "ஐயோ, என்னைக் கொஞ்சம் கவனிங்களேன்!"

"போர்டுல தரையத்தான் போட்டிருக்கு. உங்களைக் கவனிக்கிறவங்க ஒன்பதாம் நம்பர் ரூம்," என்றார் எஸ்தரம்மா, தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சூசைமாணிக்கம் கம்பியில் தொங்கியவரை நிமிர்ந்து பார்த்தார். இந்த ஆள் கையை விட்டால் பிணவறைதான்.

"மனுசன் ஏன் விழுறான்?" என்று கேட்டார்.

"நிக்கிறதாலதான்," என்றார் பிச்சுமணி.

"படுத்திருக்கிறவன் விழுவானா?"

"கட்டில்லேருந்து விழுந்திருக்காங்களே."

"தரையிலயே படுத்திருந்தா?"

மூவரும் ஸ்டூல்களைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

மதியம் பெரிய டாக்டர் அதிகாரியோடு வந்தார். நோயாளிகள், உறவுக்காரர்கள், இரண்டு நர்ஸ், கேனைக் கட்டிப் பிடித்தபடி டீக்காரர் என்று வராந்தா நெடுக எல்லாரும் சோப்பு நுரையில் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள்.

"யோவ், என்னய்யா இது!" என்று கத்தினார் டாக்டர்.

"காலையிலேருந்து ஒருத்தர்கூட விழலைங்கய்யா," என்று படுத்தபடியே பெருமையாகச் சொன்னார் சூசைமாணிக்கம். சொன்னவர், வந்த இருவரும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயா, கையெடுத்துக் கும்பிடுறேன், நீங்க ரெண்டு பேரும்தான் பாக்கி! பிச்சுமணி, கொஞ்சம் நகர்ந்து படு. ஆபீசருக்கு ஒரு தலகாணி போடு!"