பன்றி தோண்டிய பதினோரு குழிகள்

காட்டுக்குளத்தின் கரையில் கொக்கு ஒன்று வைத்தியம் பார்த்து வந்தது. குட்டிகளின் காலில் முள் குத்தினால் அலகால் பிடுங்கும். சுளுக்கினால் நொச்சி இலை வைத்துக் கட்டும். தினமும் காலையில் நொண்டும் குட்டிகள் அதன் முன் வரிசையாக நிற்கும்.

அதே கரையில் இருந்த ஒரு முயல், மிளகு என்ற தன் குட்டியைப் புதரை விட்டு வெளியே விட்டதே இல்லை.

"அம்மா, ஒரே ஒரு தடவை குளத்துக்குப் போகட்டுமா?"

"காலை உடைச்சுக்கிட்டு வரவா? வேண்டாம்!"

மிளகு காதைத் தொங்கப் போட்டது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கொக்கிடம் போனது.

"கொக்கண்ணே, பிள்ளையை வெளியே விடவே பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? விழுந்தா தூக்கிட்டு வா. கட்டுப் போட நான் இருக்கேனே!"

"கட்டுப் போட நீங்க இருக்கீங்க. விழாம பார்க்க யார் இருக்கா?"

கொக்கு காலை மாற்றி நின்றது. இத்தனை நாளும் 'எங்கே வலிக்குது?' என்று மட்டுமே கேட்ட கொக்கு, அன்றுதான் வரிசையைப் பார்த்து, "எங்கே விழுந்தீங்க?" என்றது.

"பன்றி மாமா கிழங்குக்குத் தோண்டின குழியில," என்றது மான்குட்டி.

"நானும்!" என்றது கீரிக்குட்டி.

கொக்கு பன்றியைக் கூப்பிட்டது.

"தோண்டுறதும் நான், மூடுறதும் நானா? பிள்ளைங்க கண்ணைத் திறந்து நடக்கட்டும்," என்று உறுமியது பன்றி.

வரிசையின் கடைசியில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "அப்பா, நானும் அதுலதான் விழுந்தேன்."

பன்றிக்குட்டி ஒரு காலைத் தூக்கியபடி நின்றது.

"சொல்லவே இல்லையே, கண்ணு?"

"நீங்க கிழங்கு தின்னுட்டு இருந்தீங்க."

பன்றி நேரே குழிகளிடம் போனது. மூக்கால் மண்ணை உள்ளே தள்ளத் தொடங்கியது. முயல் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கியது. சருகு மூடிய குழிகளைக் கரிச்சான் குருவி மேலே பறந்து காட்டியது. பதினோரு குழிகள்!

"இனிமே தோண்டினதும் மூடிடுறேன்," என்றது பன்றி.

"மறந்தா காடே கேட்கக் கத்துவேன்," என்றது கரிச்சான்.

அடுத்த வாரம் கொக்கின் முன் ஒரு குட்டிகூட இல்லை. "அப்பாடா, நிம்மதியா மீன் பிடிக்கலாம்!"

முயல் புதரை விலக்கியது. "போ மிளகு, விளையாடு." மிளகு ஒரே பாய்ச்சலில் குளத்தங்கரையில் இருந்தது. பன்றிக்குட்டியோடு உருண்டது. மூக்கெல்லாம் சேறாகத் திரும்பி வந்து, "நாளைக்கும்?" என்றது.

"நாளைக்கும்தான்," என்று சிரித்தது அம்மா.

விழுந்த குழந்தையைத் தூக்க ஓடி வருகிறவர்கள் விழும் முன்பே ஒன்றாய்ச் சேர்ந்து குழியை மூடிவிட்டால், எந்தத் தாயும் பயந்து தன் பிள்ளையை அடைத்து வைக்க வேண்டியதில்லை.