நல்ல விறகு

கோத்தகிரிக்கு மேலே, மேகம் வாசல் வழியாக வந்து ஜன்னல் வழியாகப் போகிற உயரத்தில் ஒரு சிறிய மடம். அருளம்மை அதன் குரு. இங்கே பாதி வருடம் குளிர், மீதி வருடம் அதைவிடக் கொஞ்சம் குறைவான குளிர் என்று அவரே சொல்வார்.

கூடத்தில் ஒரு கணப்பு உண்டு. அதற்கு விறகு பார்ப்பது மாசிலாமணியின் பொறுப்பு. குருவைவிட வயதில் மூத்த சீடர். விறகு வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. சீகை மரத்தைத் துண்டு போட்டு, கணு பார்த்து, ஒரே போடில் பிளப்பார். காற்று நுழைய இடைவெளி விட்டுக் கொட்டகையில் அடுக்குவார். இரண்டு கோடை காய்ந்தால் போதும், சீகை பிரமாதமாக எரியும்.

ஆனால் கணப்பில் எரிந்தது என்னவோ நேற்று வெட்டிய பச்சை விறகு.

"காய்ஞ்சதை எடுங்களேன் ஐயா" என்பார் அருளம்மை.

"இன்னும் ஒரு கோடை காயட்டும்மா. இன்னும் நல்லா எரியும்."

அடுத்த கோடையும் வரும், போகும். பதில் மட்டும் மாறாது. பச்சை விறகு உஸ்ஸென்று நுரை கக்கும். கூடம் முழுக்கப் புகை. பிரார்த்தனையின்போது எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் குருவே தன் மடத்தில் விறகு திருடினார். சால்வைக்குள் ஒரு காய்ந்த கட்டையை ஒளித்துத் தன் அறைக்குக் கொண்டுபோனார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அதன் இடத்தில் ஒரு பச்சைக் கட்டை இருந்தது. "அது இன்னும் சரியாக் காயலைம்மா, தெரியாம எடுத்துட்டீங்க போல" என்று மாசிலாமணி மன்னிப்பு வேறு கேட்டார். இத்தனை நல்ல மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று அருளம்மைக்குத் தெரியவில்லை.

இன்னொரு நாள் காலை மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னியப்பன் வந்தான். மாசிலாமணியின் அக்கா மகன். அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். தம்பியைப் பார்க்க வேண்டும் என்று மறுபடியும் சொல்லியனுப்பியிருந்தாள்.

"வரேன்னு சொல்லு. மனசு இன்னும் பக்குவப்படலை. பட்டதும் கண்டிப்பா வரேன்" என்றார் மாசிலாமணி.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க மாமா. டாக்டரே கையை விரிச்சுட்டாரு."

"எங்கப்பா சாகக் கிடந்தப்ப உங்கம்மா எனக்குச் சொல்லியனுப்பலை. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் போய் நின்னேன். அந்தக் கோபம் இன்னும் உள்ளே கிடக்கு. அதை வெச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் நிக்கக் கூடாது."

"அன்னைக்குச் சொல்லியனுப்பாததுக்குத்தானே இப்பத் திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பறாங்க!" சென்னியப்பன் கத்தியே விட்டான். கத்தியதில் புகை தொண்டைக்குள் போய் இருமல் பிடித்துக்கொண்டது. "மனுசன் இருப்பானா இந்த இடத்துல" என்று வெளியே போய் நின்றான்.

மாசிலாமணி குருவிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. என் மனசு எப்பப் பக்குவமாகும்?"

வாயைத் திறந்தால் கடுமையாக ஏதாவது வந்துவிடும் என்று அருளம்மைக்கே பயமாக இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விடுவிடுவென்று கொட்டகைக்குப் போனார். மாசிலாமணி பின்னாலேயே ஓடினார்.

"இதுல ரொம்பப் பழைய அடுக்கு எது?"

"அந்தக் கடைசி அடுக்கு. அதை மட்டும் தொடாதீங்கம்மா. அப்படியொரு விறகு இந்த மலையிலேயே கிடையாது."

"அதைத்தான் இன்னைக்கு எரிக்கப் போறேன்."

அருளம்மை ஒரு கட்டையைப் பிடித்து இழுத்தார். அது தக்கைபோலக் கையோடு வந்தது. அவரே எதிர்பார்க்கவில்லை. அழுத்திப் பார்த்தார். பொலபொலவென்று மாவு கொட்டியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. அடுக்கு முழுவதையும் வண்டு தின்று தீர்த்திருந்தது. பட்டை மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

மாசிலாமணி குனிந்து அந்த மாவைக் கையில் அள்ளினார்.

"முன்னே தட்டிப் பார்த்தேனே. கணீர்னு இருந்துச்சே."

"அப்பவே ஏன் எரிக்கலை?"

மாசிலாமணி கையிலிருந்த மாவைக் கீழே உதறினார்.

"இத்தனை வருசமா எந்த விறகுல குளிர் காய்ஞ்சோம்?"

"பச்சை விறகுலதாம்மா."

கொட்டகை வாசலில் சென்னியப்பன் வந்து நின்றான். கோபமெல்லாம் வடிந்து முகம் வாடியிருந்தது. "பஸ் கிளம்பிடும் மாமா. எங்கம்மாகிட்ட நான் போய் என்ன சொல்லட்டும்?"

மாசிலாமணி அவனைப் பார்க்கவில்லை. குருவைப் பார்த்தார்.

"கோபம் அப்படியே ஈரமா இருக்கேம்மா. இதோட போனா அங்க புகையுமே?"

"புகையும்" என்றார் அருளம்மை. "பக்கத்துல உக்காந்து ஊதுங்க."