வெண்முகிலோன் நாமத்தினாலே

அருமைநாயகம் அண்ணாச்சிக்கு வயது அறுபத்திரண்டு. உடன்குடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். போதகர் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிரசங்கம் பண்ணுவதும் அவர்தான். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் துக்கம் என்றாலும் "அண்ணாச்சி, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். கண்ணை மூடினால் போதும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும்.

அவருடைய குரு எப்சிபா அம்மா. வயதில் அவரைவிடப் பதினேழு வருஷம் இளையவர். தேரிக்காட்டுச் செம்மண் ஓரத்தில் ஒரு சின்ன ஜெபவீடு, நாலு முந்திரி மரம், இரண்டு ஆடு, இவ்வளவுதான் அம்மாவின் சொத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெபவீட்டு மோட்டார் ஓடவில்லை என்று சரிபண்ணப் போன அண்ணாச்சி, மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஏதோ ஒரு கேள்வி கேட்டார். கிடைத்த பதிலை நினைத்துக்கொண்டே மூன்று நாள் தூங்காமல் கிடந்தார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தவறினதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் வந்தபோது எப்சிபா அம்மா தரையில் பாய் விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அடுப்பு எரியுதா?"

"எரியுது அண்ணாச்சி. காப்பி போடவா?"

"காப்பி வேண்டாம். ஒரு நோட்டை எரிக்கணும்."

அம்மா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"உங்க வீட்டுல அடுப்பு இல்லியா?"

"கேஸ் அடுப்பும்மா. அதுவும் பிள்ளை கண்ணு முன்னால எரிக்க மனசு வரல."

மஞ்சப்பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து வைத்தார். கூடவே ஒரு பகடையும் உருண்டு வந்து பாயில் விழுந்தது. சாதாரணப் பகடை இல்லை. இருபது முகம்.

"யாரு நோட்டு இது?"

"என் மக ஜெனிட்டாவோடது. ரெண்டு வருஷமா உக்காந்து எழுதுதா. ஏதோ விளையாட்டாம். மேஜையைச் சுத்தி உக்காந்துக்கிடுவாங்க. ஒருத்தன் வாள் வீரன், ஒருத்தன் மந்திரவாதி, இப்படி ஆளுக்கொரு வேஷம். இவ கதையைச் சொல்லுவா. காடு, பூதம், பாழுங்கோட்டை எல்லாம் வரும். என் வேஷத்து ஆளு இப்போ இதைச் செய்யுதான்னு அவங்கவங்க சொல்லணும். பலிச்சுதா இல்லியான்னு இந்தப் பகடை சொல்லும். சபை வாலிபர் அஞ்சாறு பேரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா எங்க வீட்டுலதான்."

"நல்லாத்தானே இருக்கு."

"என்னம்மா நல்லாயிருக்கு? பூதம், மந்திரம், ஊர் பேர் தெரியாத சாமி! ஆண்டவரை நம்புற ஒருத்தன் இதை ஆடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க. கூடாதுன்னா அடுப்புல போட்டுட்டுப் போயிருதேன்."

அம்மா நோட்டைப் பிரித்தார். பக்கம் பக்கமாகப் படம், வரைபடம், பொடி எழுத்து. நிதானமாகப் புரட்டிக்கொண்டே போனார்.

"இந்தப் பூதத்துக்கு மூணு தலை போட்டிருக்காளே. மூணுக்கும் ஒரே வயிறா?"

"ஒரே வயிறுதான்."

"அப்போ எந்தத் தலை திங்கிறதுன்னு சண்டை வருமே?"

"வரும்மா! அதை வெச்சுத்தான் நாங்க ஜெயிச்சோம். ஒரே ஒரு ஆட்டுத்தொடையை நடுவுல தூக்கிப் போட்டேன் பாருங்க, மூணும் ஒண்ணையொண்ணு கடிச்சு..."

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன பிரயோசனம்? சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

"நாங்க ஜெயிச்சோமா?" என்றார் அம்மா.

"ஒரு பையனுக்குக் காய்ச்சல். ஆள் குறையுது, சும்மா உக்காருங்கப்பான்னு ஜெனிட்டா கையைப் பிடிச்சு இழுத்தா. பிள்ளை ஆசைப்படுதாளேன்னு உக்காந்தேன்."

"உங்களுக்கு என்ன வேஷம்?"

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பூசாரி."

"யாருக்கு?"

"வெண்முகிலோன்னு ஒரு சாமி. மழைக்கான சாமியாம். அப்படி ஒண்ணு எங்கேயும் கிடையாது. அவளா கட்டினது."

எப்சிபா அம்மாவுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கக் கீரைக்காம்பைக் கடித்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்கம்மா. இனிமேதான் விஷயமே இருக்கு. எங்க கூட்டத்துல நாச்சின்னு ஒரு வில்லுக்காரி. பூதம் சாகுறதுக்கு முன்னால அவளைக் கடிச்சுப் போட்டுட்டு. சாகக் கிடக்கா. எல்லாரும் என்னைப் பாக்காங்க. பூசாரி ஜெபம் பண்ணினா பிழைக்க வழி இருக்காம். ஜெபம் பண்ணுதேன்னு சும்மா வாயால சொல்லிட்டுப் பகடையை உருட்டணும், அவ்வளவுதான்."

"உங்ககிட்டப் போய் ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்களாக்கும்."

"சொல்லிட்டாங்க. நான் எந்திரிச்சு நின்னு, கண்ணை மூடி, நெஜமாவே பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"ஜெபத்தை எப்படி முடிப்போம்? நம்ம ஆண்டவர் நாமத்தைச் சொல்லித்தானே? அம்பது வருஷப் பழக்கம். அந்த இடம் வந்ததும் வாய் நிக்கல. வெண்முகிலோன் நாமத்தினாலே ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே, ஆமென்னு முடிச்சுட்டேன்."

"ஏ ஆத்தாடி!"

"அஞ்சு பேரும் பதிலுக்கு ஆமென்னு சொன்னாங்கம்மா. அவங்களுக்கும் பழக்கம்லா."

இதற்கு மேல் எப்சிபா அம்மாவால் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெளியே கட்டியிருந்த ஆடு கூட ஒரு தரம் கத்தியது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு நின்றது.

"என்ன பண்ணினீங்க அப்புறம்?"

"பகடையை உருட்டல. ஆட்டத்தைக் கலைச்சுட்டேன். இனிமே இந்த வீட்டுல இது கூடாதுன்னு சொன்னேன். ஜெனிட்டா சண்டை போடுவான்னு பார்த்தேன். போடல. அவளே நோட்டை எடுத்து என் கையில தந்துட்டு உள்ள போயிட்டா. ஆறு நாளாச்சு. சோறு போடுதா, காப்பி தாரா. முகம் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது."

அண்ணாச்சிக்கு அவள் ஒற்றை மகள். அம்மா இல்லாத பிள்ளை.

"நாளைக்குத் திருவிருந்து ஆராதனை, அப்பமும் ரசமும் வாங்கணும். இந்த வாயோட நான் எப்படிப் போய் முழங்கால் போடுவேன்? வேற தேவர்கள் கூடாதுங்கிற முதல் கட்டளையையே மீறிட்டேனே. இனிமே அந்தப் பக்கம் போகவே கூடாதோன்னு இருக்கு."

எப்சிபா அம்மா கீரைத்தட்டை நகர்த்தி வைத்தார். நோட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பாயில் நீட்டிப் படுத்தார்.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"நான்தான் நாச்சி. பூதம் கடிச்சுட்டு. சாகக் கிடக்கேன்."

"அம்மா!"

"வலி தாங்கல அண்ணாச்சி. சீக்கிரம் ஜெபம் பண்ணுங்க."

"விளையாடாதீங்கம்மா."

"விளையாடத்தான் செய்யுதேன். பண்ணுங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். அண்ணாச்சி எழுந்து நின்றார். வேட்டியைச் சரிபண்ணினார். தொண்டையைச் செருமிக் கண்ணை மூடினார்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக நன்றி செலுத்துகிறோம்..."

"நிறுத்துங்க," என்றது பாய். "இது ஊருக்குப் பண்ணுற ஜெபம். நான் செத்தே போவேன். அன்னைக்குப் பண்ணினதைப் பண்ணுங்க."

மறுபடி அண்ணாச்சியின் குரல் வந்தபோது அது பிரசங்கக் குரலாக இல்லை.

"இவளை எடுத்துக்கிடாதீங்க. ஒரு நாள் குடுங்க, போதும். நாளைக்கு இன்னொரு நாள் கேக்குதேன். இவளுக்கு இந்த ஆஸ்பத்திரி வாடையே ஆகாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்னு சொல்லியிருக்கேன். நான் இதுவரைக்கும் இவகிட்டப் பொய் சொன்னதில்ல. என்னைப் பொய்யனாக்கிராதீங்க..."

"அண்ணாச்சி."

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். எப்சிபா அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"வாளும் வில்லும் பூதமும் இருக்கிற ஊருல ஆஸ்பத்திரி ஏது?"

அண்ணாச்சி சுற்றும்முற்றும் பார்த்தார்.

"அன்னைக்கும் ஆஸ்பத்திரின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்னுதான் நினைக்கேன்." மெல்ல உட்கார்ந்தார். "சொல்லியிருக்கேன்மா. அதான் ஜெனிட்டா சண்டை போடாம உள்ள போயிட்டா. அவளுக்குப் புரிஞ்சிருக்கு. எனக்குத்தான் புரியல."

அவர் மனைவி ரூபாவதி போய் மூன்று வருஷம் ஆகிறது. தூத்துக்குடியில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனாள்.

"அக்கா அங்க கிடக்கையில என்ன ஜெபம் பண்ணினீங்க?" என்று கேட்டார் அம்மா.

"உமது சித்தப்படி ஆகட்டும்னு."

"தினமுமா?"

"தினமும். சுத்திச் சபைக்காரங்க பத்துப் பதினஞ்சு பேரு நிப்பாங்க. அண்ணாச்சிக்கு என்ன விசுவாசம் பாருன்னு சொல்லுவாங்க."

"எல்லாரும் போன பிறகு?"

"அதே ஜெபந்தான்."

"பிழைக்க வைக்கச் சொல்லிக் கேக்கவே இல்லியா?"

"பயம்மா." அண்ணாச்சி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேட்டு, அவரு தரலைன்னா? அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எந்த முகத்தோட பிரசங்கம் பண்ணுவேன்? கேக்காம இருந்துட்டா அவரும் இல்லைன்னு சொல்ல வேண்டாம், நானும் கோவப்பட வேண்டாம்னு நினைச்சேன். அவ போயிட்டா. அதுக்கப்புறம் ஊருக்கெல்லாம் ஜெபம் வருது, எனக்குன்னு ஒரு வார்த்தை வரல. ராத்திரி முழங்கால் போட்டா சும்மா கல்லு மாதிரி இருப்பேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டகூடச் சொன்னதில்ல."

"தெரியும்," என்றார் அம்மா.

"தெரியுமா?"

"ரெண்டு வருஷமா வாரீங்க. கேட்ட கேள்வி நூறு இருக்கும். ஒண்ணுலகூட அக்கா பேரு இல்ல."

அண்ணாச்சி அழ ஆரம்பித்தார். அறுபத்திரண்டு வயதில் ஒரு ஆள் சத்தம் போட்டு அழுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது சுலபம் இல்லை. எப்சிபா அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர் தோளில் ஒரு தரம் கையை வைத்து எடுத்தார்.

அழுது முடித்து, தண்ணீர் குடித்து, துண்டால் முகத்தைத் துடைத்த பிறகு அண்ணாச்சி நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பத்தான்மா எனக்கு அதிகமாப் பயமா இருக்கு. வெறும் விளையாட்டுல வாய் தவறிட்டுன்னுதான் இதுவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன். வாய் தவறல. மனசாரக் கேட்டிருக்கேன். மூணு வருஷமா என் ஆண்டவர் முன்னால திறக்காத வாயி, இல்லாத ஒரு சாமி முன்னால போய்த் திறந்திருக்கு. அவருக்குச் சேர வேண்டிய அழுகையைக் கொண்டுபோய் வேற இடத்துல கொட்டிட்டேன். இதைவிடப் பெரிய துரோகம் உண்டா? சொல்லுங்க. இதை எரிக்கவா, வேண்டாமா?"

எப்சிபா அம்மா கீரைத்தட்டை இழுத்து வைத்து, ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.

"அந்த வெண்முகிலோன் நெஜமாவே கிடையாதா அண்ணாச்சி?"

"கிடையாதும்மா. என் மக கட்டினது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"இது என்ன கேள்வி? என் ஆண்டவரைத் தவிர வேற ஒருத்தரும் கிடையாது. சின்ன வயசுல இருந்து அதைத்தானே நம்புதேன்."

"அப்போ, இல்லாதவனுக்குக் காது கிடையாதுல்லா," என்றார் அம்மா. "அன்னைக்கு நீங்க அழுதது யாரு காதுல விழுந்திருக்கும்?"