தேய்த்தவர் பேசக்கூடாது

பெனிட்டா மாஸ்டரிடம் அறவாழி சார் அன்று கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“தப்பு பூவரசன் மேலதானுங்களே, மாஸ்டர்?”

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெனிட்டா மாஸ்டருக்கு பைக் டயரை ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் தொழில். கம்பெனிக்காரர்கள் புது டயரை அனுப்புவார்கள். மழையிலும் வெயிலிலும் ஓட்டி, ரோட்டை எப்படிப் பிடிக்கிறது, வளைவில் எப்படிச் சாய்கிறது, எப்படித் தேய்கிறது என்று இவர் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமக்கல்லுக்கு வெளியே ஒரு பழைய லாரி ஷெட் மைதானத்தில் பெரிய பைக் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. தலை நரைத்தவர்களும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அங்கே வீல் கழற்றி மாட்டுகிறவன்.

அறவாழி சார் ஐம்பதை நெருங்குகிறவர். கோழித்தீவன மில் வைத்திருக்கிறார். மூன்று வருஷமாக மாஸ்டரிடம் படிக்கிறார். நன்றாகவே ஓட்டுவார், சும்மா சொல்லக்கூடாது. அவர் குழுவில் யார் டயர் மாற்றுவதென்றாலும் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் வாயால் ‘அருமை’ என்று வந்துவிட்டால், அடுத்த வாரம் அதே டயரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரிசையாக வந்து நிற்பார்கள்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டயரை ஓட்டித் தேய்த்தவர் அதைப் பற்றிப் பேசக்கூடாது. சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் மெதுவாகச் சுற்றிவிட்டு வந்து சொல்வார். தேய்த்தவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

அறவாழி சாருக்கு இது மட்டும் பிடிக்காது.

“என் டயரப் பத்தி என்னைவிட வேற எவனுக்குங்க தெரியும்?” என்று சிரிப்பார்.

மாஸ்டரும் சிரிப்பார். ஏன் அப்படி ஒரு வழக்கம் என்று விளக்கமாட்டார். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நடந்தது இதுதான். குழுவோடு கொல்லிமலைக்குப் போனார்கள். பாதி மலையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கே சாவி மாற்றிக்கொள்வது இவர்களுக்கு ஒரு விளையாட்டு. உன் வண்டியில் நான், என் வண்டியில் நீ. பூவரசன் அறவாழி சாரின் பைக்கைக் கேட்டான். குழுவில் எல்லோரையும்விடச் சின்னவன். ஆனால் நிதானக்காரன். கேட்டுவிட்டுத்தான் ஏறியிருக்கிறான்.

“டயர் எப்படி இருக்குதுங்ணா?”

“அருமையா இருக்குது. தைரியமா போ.”

அதற்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. பைக் திரும்பாமல் நேராகவே போனதாம். அப்புறம் ஒரேயடியாகச் சாய்ந்ததாம். பின்னால் வந்தவர்கள் சொன்னது. தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போய்விட்டான். தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை.

அவனுடைய அப்பா மாரப்பன், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அதே கொல்லிமலை ரோட்டில் ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அறவாழி சாரிடம் அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

“டயர் எப்படிங்க இருந்துச்சு?”

மலையில் ஓட்டினவர் அல்லவா. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

“டயர்ல ஒரு குறையும் இல்லீங்க. காலையில அதே டயர்லதானுங்க நான் ஏறி வந்தேன்.”

போலீஸ்காரரும் குனிந்து பார்த்தார். டயரின் நடுவில் ரப்பர் பட்டன் முழுக்கத் தேயாமல் இன்னும் மிச்சம் இருந்தது. டயர் சரி என்று அவரும் சொல்லிவிட்டார்.

மாரப்பனின் முகம் அதோடு மாறிவிட்டது.

“அப்பறம் என்னங்க. ஓட்டத் தெரியாத நாய், செத்துப்போச்சு.”

அவர் அழவில்லை. காரியத்துக்கு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். படத்தைச் சுவரில் மாட்ட விடவில்லை. அவன் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதால், “எதுக்கு அழுவற? ஊர் சிரிக்கிற மாதிரி செத்தானே, அதுக்கா?” என்று அதட்டினார். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்.

பிறகு ஒருநாள் மில்லுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

“உங்க வண்டிய எம்பையன் ஒடச்சுப்போட்டானுங்க. அவனுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க.”

“ஐயோ, கையக் கீழ போடுங்க.”

“இல்லீங்க. நான் பஸ் ஓட்டினா பின்னால உக்காந்தவங்க தூங்கிட்டே மலையேறுவாங்க. எனக்குப் போயி இப்படி ஒண்ணு பொறந்துச்சுங்களே.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அறவாழி சார் நேராகக் காரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்ததும் மறுபடியும் கேட்டார்.

“அதே டயருங்க. அதே மலை. நான் ஏறுனேன், ஒண்ணும் ஆகல. அவன் விழுந்தான்னா அவன் ஓட்டினதுலதானுங்களே கோளாறு?”

“உங்க பைக் இப்ப எங்க சார் இருக்கு?”

“மில்லு ஷெட்லதான் கெடக்குது.”

“பின் வீல்?”

“அதுக்கு ஒண்ணும் ஆகலீங்க. முன்னாடிதான் நொறுங்கிப்போச்சு.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். “போய்க் கழட்டி எடுத்துட்டு வாங்கண்ணே.”

நான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் மாஸ்டர் மைதானத்தில் சிவப்புக் கூம்புகளை வளைத்து வைத்திருந்தார். உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை. மலையில் இருக்கிற மாதிரி ஒரு கொண்டை ஊசி வளைவு.

“என் பைக்ல ஒரு சுத்து போயிட்டு வாங்க சார். உங்களோட பைக் மாதிரியேதான். டயரும் அதே கம்பெனி டயர்தான். நேத்துத்தான் புதுசா மாட்டினது.”

அறவாழி சார் ஏறினார். வளைவுக்குள் நுழைந்ததும் பைக் சடாரென்று உள்ளே சாய்ந்தது. உள்பக்கக் கூம்பு பறந்தது. மறுபடி வந்தார், மறுபடியும் கூம்பு பறந்தது. அடுத்த சுற்றில் தரையில் காலை ஊன்றித்தான் தப்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் கூம்பை இடித்து நான் பார்த்ததே இல்லை.

ஹெல்மெட்டைக் கழற்றினார். வேர்த்திருந்தது.

“உங்க ஹேண்டில்ல ஏதோ கோளாறுங்க மாஸ்டர். தொட்டாப் போதும், உள்ள விழுகுது.”

“தொட்டீங்களா, தள்ளினீங்களா?”

“எப்பவும் ஓட்டறாப்பலதானுங்க ஓட்டினேன்.”

“சரி.”

மாஸ்டர் தலையசைத்தார். நான் புது டயர் மாட்டிய வீலைக் கழற்றினேன். மில்லிலிருந்து கொண்டுவந்த வீலை அந்த இடத்தில் மாட்டினேன். அறவாழி சார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பைக் டயர் என்றால் குறுக்குவாட்டில் உருண்டையாக இருக்க வேண்டும். இது நடுவில் மட்டும், இழைத்த பலகை மாதிரி தட்டையாக இருந்தது. பெங்களூருக்கு நாலுவழிச் சாலையில் நேராகவே ஓட்டி ஓட்டித் தேய்த்த டயர். அந்தத் தட்டை முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் விளிம்பு கட்டியிருந்தது.

“இப்பப் போங்க சார்.”

போனார். பார்க்க அழகாக இருந்தது, அதை மறைப்பானேன். ஒரு கூம்பு அசையவில்லை. ஒன்று, இன்னொன்று என்று ஆசை தீரச் சுற்றினார். எங்கள் முன்னால் வந்து நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

“இதானுங்க மாஸ்டர்! இப்பத்தான் வண்டி சரியா இருக்குது.”

மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. பின் வீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறவாழி சாரும் திரும்பி அதைப் பார்த்தார். சிரிப்பு போவதை நான் பார்த்தேன்.

“இறங்குங்க சார்,” என்றார் மாஸ்டர். “நான் போறேன்.”

மெதுவாகத்தான் போனார். சைக்கிளில் வருகிறவன்கூட அவரை முந்தியிருப்பான். வளைவில் பைக் திரும்பவில்லை, நேராகவே போனது. மாஸ்டர் கொஞ்சம் அழுத்தினார், திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். விளிம்பைத் தாண்டியதும் பைக் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. வெளிப்பக்கக் கூம்புகளை வாரிக்கொண்டு மாஸ்டர் தரையில் கிடந்தார்.

நான் ஓடிப்போய்ப் பைக்கைத் தூக்கினேன். அவர் தானாகவே எழுந்தார். முழங்கையில் ரத்தம். வேண்டுமென்றே விழுந்தீர்களா என்று பிறகொரு நாள் கேட்டேன். முறைத்த முறைப்பில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அறவாழி சார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மாஸ்டர் அவர் கையைப் பிடித்து டயரின் மேல் வைத்தார். குறுக்காக இழுத்தார். விளிம்பில் கை நின்றது.

“இதைத் தாண்ட உங்க கை பலமாத் தள்ளக் கத்துக்கிச்சு. தாண்டினதும் சட்டுனு விடவும் கத்துக்கிச்சு. தினம் கொஞ்சம் கொஞ்சமா. உங்களுக்கே தெரியாம.”

“அவன் கைக்கு?”

“அவன் அப்பத்தானே சார் ஏறினான்.”

அறவாழி சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மில் முதலாளி, வெள்ளை வேட்டி கட்டினால் நாலு பேர் எழுந்து நிற்கிற மனுஷன், கிரீஸ் சிந்திய தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“நான் பொய் சொல்லலீங்களே மாஸ்டர். எனக்கு அது நல்லாத்தானுங்களே இருந்துச்சு.”

“தெரியும்.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொல்லியிருக்கணும்,” என்றார் மாஸ்டர். “அந்தப் பாவம் என்னோடது. அதை நான் பார்த்துக்கறேன்.”

ரோட்டில் முட்டை லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் விழுந்து கிடந்த கூம்புகளைப் பொறுக்கி அடுக்கினேன். சும்மா நிற்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அறவாழி சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மில் நடத்துகிறவர் அல்லவா, ஒரு வழி யோசித்திருந்தார்.

“வளைவுல மண்ணு கெடந்துச்சு, வழுக்கிருச்சுன்னு சொல்லிரட்டுங்களா? யார் மேலயும் தப்பில்லாம போயிருமில்லீங்க.”

“அவர் மலையில பஸ் ஓட்டினவர் சார். மண்ணு கிடக்கிறதைப் பார்க்காம என்னடா நீ ஓட்டினேன்னு, அதுக்கும் பிள்ளையைத்தான் திட்டுவார்.”

அறவாழி சார் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். கார் சாவியை எடுக்கப் பையில் கைவிட்டார். சாவியை அப்படியே விட்டுவிட்டார்.

“நெசத்தச் சொல்லிப்போட்டா...” என்றார். “அவரு என்னைய மன்னிப்பாருங்களா, மாஸ்டர்?”

“உங்களை மன்னிக்க மாட்டார்,” என்றார் மாஸ்டர். “அவர் பிள்ளையை மன்னிச்சிடுவார்.”