சோணாசலம் கயிற்றை நிமிர்த்திய கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நாட்டில் சண்டை இல்லை, பஞ்சம் இல்லை. ஆகையால் ராஜாவுக்கு வேலையும் இல்லை. வேலையில்லாத ராஜா என்ன செய்வார்? கண்ணில் பட்டதற்கெல்லாம் கோபப்படுவார்.

ஒரு நாள் காலையில் அவர் கண்ணில் பட்டது ஒரு கயிறு. அவருடைய பிறந்தநாள் விழாவுக்காக முற்றத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே குறுக்காகக் கட்டியிருந்தார்கள். அதன் மத்தியில் பெரிய பித்தளை விளக்கு ஒன்று தொங்கியது. விளக்கின் கனத்தில் கயிறு நடுவே தொய்ந்திருந்தது.

“என் முற்றத்தில் ஒரு கயிறு சோம்பேறியைப் போலத் தொங்குவதா? நிமிர்த்துங்கள் அதை!” என்றார் ராஜா.

சேனாதிபதி பலபத்திரர் மீசையைத் தடவிக்கொண்டு முன்னே வந்தார். முனைக்குப் பத்து வீரர்களை நிறுத்தி இழுக்கச் சொன்னார். தொய்வு குறைந்தது, போகவில்லை. வீரர்களை விலக்கிவிட்டு, முனைக்கு ஒரு யானையைப் பூட்டினார். இன்னும் குறைந்தது, அப்போதும் போகவில்லை. “இழு! இழு!” என்று அவர் கத்திய கத்தலில் கயிறு படீரென்று அறுந்து, விளக்கு விழுந்து, எண்ணெய் ராஜாவின் பட்டு அங்கியில் தெறித்தது.

பழியை இறக்கிவைக்க பலபத்திரருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. “கயிறு சொத்தை, மகாராஜா! திரித்தவள் மாடத்தி!”

கையைக் கட்டி இழுத்து வந்தார்கள் மாடத்தியை.

“சாமி, ரெண்டு யானை இழுத்து அறுந்துதுன்னா அது கயித்தோட குத்தமா?” என்றாள் அவள்.

“பொழுது சாய்வதற்குள் இவளை நாடு கடத்துங்கள்” என்றார் ராஜா.

கூட்டத்தில் நின்ற விகடகவி சோணாசலத்துக்கு நாக்கு அரித்தது. மிளகுச் சந்தையில் தரகர்களுக்கு நடுவே பேரம் பேசி வளர்ந்தவன் அவன். ஈரத்துண்டு ஒன்றைப் போட்டாலே கொடி தொய்யும் என்று அவனுக்குத் தெரியும். பழுது கயிற்றில் இல்லை என்பதும் தெரியும். ஆனால் எண்ணெய் சொட்டச் சொட்ட நிற்கிற ராஜாவிடம் அதை நேராகச் சொல்ல முடியுமா?

“மகாராஜா, மாடத்தி திரித்த வேறொரு கயிற்றிலேயே விளக்கைத் தொங்கவிட்டு நான் நிமிர்த்திக் காட்டுகிறேன். முடியாவிட்டால் அவளோடு நானும் எல்லை தாண்டுகிறேன்.”

பலபத்திரருக்கு வாயெல்லாம் பல். இவன் தொலையும் நாளுக்காக அவர் எத்தனை வருஷமாகக் காத்திருந்தார்! “நிபந்தனைகளை நான் சொல்கிறேன். அதே விளக்கு. கயிற்றின் நட்டநடுவில் தொங்க வேண்டும். இரண்டு முனையும் கட்டியிருக்க வேண்டும். விளக்குக்கு அடியில் முட்டுக்கொடுக்கக் கூடாது.”

சோணாசலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். “இப்படி நெருக்கினால் எப்படி ஐயா? எனக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். நாலு யானை தாருங்கள்.”

“ஒன்றுகூடக் கிடையாது!”

“யானைக் கன்று?”

“அதன் வால்கூடக் கிடையாது!”

“போகட்டும். எந்தத் திசையில் கட்ட வேண்டும்? அதையாவது என் இஷ்டத்துக்கு விடுங்களேன்.”

“எந்தத் திசையில் வேண்டுமானாலும் கட்டித் தொலை!”

“மகாராஜாவே சாட்சி?”

“நாமே சாட்சி” என்றார் ராஜா.

உடனே சோணாசலத்தின் முகம் தெளிந்துவிட்டது. விறுவிறுவென்று மேல்மாடத்துக்கு ஏறினான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த உத்தரத்தில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினான். நட்டநடுவில் விளக்கை முடிந்தான். கீழே இறங்கி வந்து, தரையில் யானை கட்டுகிற இரும்பு வளையத்தில் மறுமுனையை இறுக்கினான். கயிறு மேலிருந்து கீழாக, கோடு கிழித்தாற்போல் நின்றது.

“மோசடி! குறுக்கே அல்லவா கட்ட வேண்டும்!” என்று குதித்தார் பலபத்திரர்.

“திசையை எனக்குத்தானே விட்டீர்கள்? மகாராஜா சொன்னதும் நிமிர்த்தச் சொல்லித்தான். நிமிர்ந்தவன் நிற்பானா, படுத்துக் கிடப்பானா?”

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. “பேச்சில் ஜெயித்துவிட்டாய், சோணாசலம். ஆனால் குறுக்கே கட்டியது அறுந்ததே. கயிறு சொத்தை என்பது பொய்யாகிவிடுமா?”

மாடத்தியின் முகம் மறுபடி கறுத்தது.

“அதைத் தங்கள் சுண்டுவிரலே சொல்லும், மகாராஜா.”

புதிதாக ஒரு கயிற்றைக் குறுக்கே பிடிக்கச் சொன்னான். முனைக்குப் பத்து வீரர்கள், விளக்கு இல்லை. கயிறு விறைத்தது. ராஜா நடுவில் சுண்டுவிரலை வைத்து அழுத்தினார். ஒரு விரற்கடை தாழ்ந்தது!

“இழுங்களடா!” என்றார் பலபத்திரர். வீரர்களுக்கு விழி பிதுங்கியது. தாழ்வு குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

“பாருங்கள், மகாராஜா. தங்கள் விரல் அழுத்துவது கீழே. இவர்கள் இழுப்பது இடமும் வலமும். மேலே தூக்குகிறவன் இவர்களில் ஒருவனாவது உண்டா? கயிறு கொஞ்சம் சாய்ந்துகொடுத்தால்தான் இவர்கள் இழுப்பில் ஒரு பங்காவது மேல்நோக்கித் திரும்பும். சாயவே கூடாதென்றால் யானைப்படையே வந்தாலும் கயிறுதான் அறும். சேனாதிபதி எவ்வளவு பலம் என்று பார்த்தார். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.”

ராஜா விரலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்து வைத்தார். “இருபது பேர், என் ஒரு சுண்டுவிரல்!” என்று சின்னப் பிள்ளைபோல் பூரித்துப்போனார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சோணாசலத்துக்குப் போட்டார். “மாடத்தி, இனி அரண்மனைக் கயிறெல்லாம் உன் கையால்தான். பலபத்திரரே, அவள் கைக்கட்டை அவிழ்த்துவிடும்!”

சேனாதிபதி குனிந்து முடிச்சைப் பிடித்து இழுத்தார். அது இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தார். இன்னும் இறுகியது.

“ஐயோ சாமி, இழுக்காதீங்க” என்றாள் மாடத்தி. “இந்தப் பக்கமாத் தள்ளுங்க, தன்னால வந்துரும்.”

தள்ளினார். வந்துவிட்டது.

அப்போது ராஜா சிரித்த சிரிப்பில், என்னமோ ஏதோ என்று அந்தப்புரத்திலிருந்து மகாராணியே ஓடி வந்துவிட்டாளாம்.